எந்தக் கம்பெனி வண்டி சார் நம்பி வாங்கலாம்?

பழைய கார் பார்த்துக் கொடுக்கும் தொழிலில் காரைப் பார்ப்பது கால்வாசி வேலை. மீதி முக்கால்வாசியும் அதை வாங்க வந்தவரைச் சமாளிப்பதுதான்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிரேக் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தவன். கூட வேலை செய்தவர்கள் பழைய கார் வாங்கப் போகும்போதெல்லாம் "வா தாமு, நீயும் ஒரு கண்ணு பாரு" என்று இழுத்துக்கொண்டு போவார்கள். நானும் பானெட்டைத் திறந்து, அடியில் படுத்து, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து, "வாங்கலாம்" அல்லது "ஓடிப் போயிடலாம்" என்று சொல்வேன். கடைசியில் அதுவே பிழைப்பாகிவிட்டது. இப்போது கவரைப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, செங்குன்றத்திலிருந்து ஆரம்பாக்கம் வரை யார் பழைய கார் வாங்கினாலும் போய்ப் படுக்கிறேன், காருக்கு அடியில்.

எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "எந்தக் கம்பெனி வண்டி சார் நம்பி வாங்கலாம்?" நீங்களும் யாரிடமாவது கேட்டிருப்பீர்கள். பதிலும் கிடைத்திருக்கும். அதை நம்பி வாங்கியும் இருப்பீர்கள். பிறகு நடந்ததை உங்கள் வாயால் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்.

கம்பெனிப் பெயர்களை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஒன்றைக் குறை சொன்னால் அதை வைத்திருப்பவர்கள் எல்லாம் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள், அதுவும் அந்த வண்டியிலேயே. ஆகவே அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம். அ கம்பெனி எங்கே பார்த்தாலும் ஓடுவது. சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் தகரம் மெல்லிசு. ஆ கம்பெனி நல்ல கனமான இரும்பு. ஆனால் ஏதாவது ஒரு சின்ன வேலை வைத்துக்கொண்டே இருக்கும். இ கம்பெனி வெளிநாட்டுக்காரன் செய்தது. ஓடும்வரை ராஜா, நின்றால் சாமான் கப்பல் ஏறி வர வேண்டும்.

இத்தனை பேருக்குப் பார்த்துக் கொடுத்த என்னிடம் கார் கிடையாது. என் மனைவி கோமதி அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸில் வேலை செய்கிறாள். தினமும் ரயில். இப்போது பிள்ளை உண்டாகியிருக்கிறாள். சிப்காட் லாரிகள் தோண்டிப் போட்ட ரோட்டில் பைக்கில் போகவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கோமதியும் கண்டிப்பாக ஒன்று சொன்னாள்: "ஊருக்கெல்லாம் காரு பாத்துத் தர்றவன் பொண்டாட்டி நானு. வளைகாப்பு முடிஞ்சு வேப்பம்பட்டுல எங்கம்மா ஊட்டுக்கு நம்ம கார்லதான் போவேன்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து என் வாடிக்கையாளர்களை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். அவர்களில் சிலரை உங்களுக்கும் அறிமுகப்படுத்துகிறேன்.

ஷெட்டுக்கே போகாத வண்டி

ஏழுமலை அண்ணன் ஒரு ரோலிங் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசர். யார் சொல்வதையும் அப்படியே நம்பமாட்டார். தானே ஆராய்ச்சி செய்வார். வார லீவு நாளில் பைக்கை எடுத்துக்கொண்டு பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை இருக்கிற எல்லா மெக்கானிக் ஷெட்டுக்கும் போய், எந்தக் கம்பெனி வண்டிகள் வேலைக்கு வந்து நிற்கின்றன என்று பார்த்துவிட்டு வந்தார். அ கம்பெனி ஏகப்பட்டது. ஆ கம்பெனி அதற்குக் குறையாமல். இ கம்பெனி வண்டி மட்டும் எந்த ஷெட்டிலும் இல்லை. "அப்ப இ கம்பெனிதான் தாமு! ரிப்பேரே ஆவாத வண்டி" என்றார் முகமெல்லாம் பல்லாக.

"அண்ணே, நம்ம பக்கத்துல அந்த வண்டி யார்கிட்டயுமே இல்ல. அப்புறம் எப்படிண்ணே ஷெட்டுக்கு வரும்?" என்றேன். "அதான் நானும் சொல்றேன், ஒண்ணுகூட வரல" என்றார். மெட்ராஸ் வரை போய் ஒரு இ கம்பெனி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். கொஞ்ச நாள் ஜம்மென்று ஓடியது. பிறகு ஒரு நாள் அவர் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. பொன்னேரியிலிருந்து மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக வந்தார்கள். பானெட்டைத் திறந்தார்கள், ஆச்சரியமாகப் பார்த்தார்கள், செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு மூடிவிட்டுப் போனார்கள். எங்கள் ஷெட்டுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு வாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

போன மாதம் டீக்கடையில் அண்ணனைப் பார்த்தேன். வண்டி எப்படி இருக்கிறது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "நான் சொன்னது சொன்னதுதான் தாமு. வாங்கினதிலேர்ந்து ஒரு நாள்கூட மெக்கானிக் ஷெட்டுக்குப் போனதில்ல. ஊட்லயேதான் நிக்குது."

கதவு டெஸ்ட்

கார் கம்பெனியின் தரம் கதவைச் சாத்தும் சத்தத்தில் தெரியும் என்று யாரோ ஒரு புண்ணியவான் வீடியோ போட்டிருக்கிறார். 'டப்' என்று கேட்டால் நல்ல கம்பெனி, 'டங்' என்று கேட்டால் மட்டம். அதைப் பார்த்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் தச்சூர் கூட்டுரோடு பக்கம் இருக்கும் காதர் பாயின் பழைய கார் யார்டுக்கு வந்து, நிற்கிற வண்டிகளின் கதவுகளை எல்லாம் வரிசையாகச் சாத்திவிட்டுப் போவார். கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பதுபோல் தலையை ஆட்டுவார். 'டங்' என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கி, இன்னொரு தடவை, இன்னும் வேகமாகச் சாத்திப் பார்ப்பார்.

ஒரு ஞாயிறு நான் அங்கே இருந்தபோது ஓர் அ கம்பெனி வண்டியின் கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. அதைத் தூக்கிப் பிடித்து, "பாத்தீங்களா பாய், இந்தக் கம்பெனி சரியில்லன்னு அப்பவே சொன்னேன்ல?" என்று ஏதோ நீதிமன்றத்தில் சாட்சிப் பொருளைக் காட்டுவதுபோல் காட்டினார். நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த காதர் பாய் கைகூடக் கழுவாமல் எழுந்து வந்து, கைப்பிடியை வாங்கிக்கொண்டு, ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "கம்பெனி நல்லாத்தான் சார் கீது. நீங்க வர்ற கெழமைல மட்டும்தான் கழண்டுக்குது."

டாக்டர் வண்டி

புரோக்கர்கள் விற்கும் பழைய கார்கள் எல்லாமே ஒரு டாக்டர் ஓட்டினதுதான். தினமும் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு, அவ்வளவுதான். இவர்கள் பேச்சை நம்பினால் திருவள்ளூர் மாவட்டத்தில் நோயாளிகளைவிட டாக்டர்கள்தான் அதிகம் இருக்க வேண்டும். வேப்பம்பட்டில் புது வீடு கட்டிக் குடிவந்த சுந்தரம் சார் இதை முழுசாக நம்பினார். ஆ கம்பெனியோ இ கம்பெனியோ, டாக்டர் ஓட்டியிருந்தால் போதும் என்றார்.

அதிசயமாக ஒரு தடவை நிஜ டாக்டரே விற்றார். திருவள்ளூரில் கிளினிக். சாயங்காலம் வரச் சொன்னார். நானும் சுந்தரம் சாரும் வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, பேசுவதற்காக டோக்கன் வாங்கிக்கொண்டு, இருமிக்கொண்டிருந்தவர்கள் நடுவில் உட்கார்ந்தோம். எங்கள் முறை வந்ததும் உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரச் சொன்னார். "சார், லெஃப்ட் சைடு முன்னாடி சக்கரத்துல கடக் கடக்னு ஒரு சத்தம் வருது" என்றேன். டாக்டர் முகத்தில் ஒரு கவனம் வந்தது. "எப்பலேர்ந்து?" என்றார். அவர் வண்டி, என்னைக் கேட்கிறார்! "இப்பதான் சார், ஓட்டிப் பாக்கும்போது." "பள்ளத்துல எறங்கும்போது மட்டுமா, எப்பவுமே இருக்கா?" "பள்ளத்துல மட்டும் சார்." "காலையில அதிகமா இருக்குமா?" எனக்கு நாக்கை நீட்டிவிடலாமா என்று தோன்றியது. சுந்தரம் சார் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாததுபோல் கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் பேனாவை மூடினார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு, அத்தனை கனிவோடு சொன்னார்: "பயப்படற மாதிரி ஒண்ணுமில்ல. மூணு நாள் ஓட்டிப் பாருங்க. சத்தம் குறையலன்னா திரும்ப வாங்க."

நைனாவின் டெஸ்ட் டிரைவ்

ஆரம்பாக்கம் பக்கம் முனிரத்தினம் என்று ஒரு நெல் விவசாயி. ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். அவரும் ஊரையே நைனா என்றுதான் கூப்பிடுவார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். கார் வாங்க வேண்டும், ஆனால் மூன்று கம்பெனி வண்டியையும் நன்றாக ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்றார். நியாயமான மனிதர் என்று நினைத்து, ஓர் அ, ஓர் ஆ, ஓர் இ என்று மூன்று வண்டிக்காரர்களைப் பிடித்து, ஆளுக்கு ஒரு நாள் வரச் சொன்னேன்.

முதல் நாள் போனால் நைனா, நைனா மனைவி, அவர் தங்கை மூன்று பேரும் பட்டுப் புடவை வேட்டியில் நிற்கிறார்கள். கையில் தாம்பாளம், பழம், வெற்றிலை பாக்கு, ஒரு பை நிறையக் கல்யாணப் பத்திரிகை. நைனாதான் ஓட்டினார். வண்டிக்காரர் முன் சீட்டில், நான் பின் சீட்டில் மடியில் தாம்பாளத்தோடு. "மேடு ஏறுதான்னு பாக்கணும்" என்று தடா பக்கம் ஒரு பங்காளி வீட்டுக்கு ஓட்டினார். "பிரேக்கு புடிக்குதான்னு பாக்கணும்" என்று ஒவ்வொரு சொந்தக்காரர் வாசலிலும் நிறுத்தினார். "நிறுத்தி எடுத்தா ஸ்டார்ட் ஆவுதான்னு பாக்கணும்" என்று ஒவ்வொரு வீட்டிலும் காபி குடித்தார். இப்படி அ கம்பெனியில் ஆந்திரா பக்கத்து உறவு முடிந்தது, ஆ கம்பெனியில் கும்மிடிப்பூண்டி முடிந்தது, இ கம்பெனியில் பொன்னேரியும் மீஞ்சூரும் முடிந்தன. மூன்று வண்டிக்காரர்களுக்கும் ஆளுக்கு ஒரு பத்திரிகை கிடைத்தது. குடும்பத்தோடு வர வேண்டும் என்று நைனா மனைவி வேறு வற்புறுத்திச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலிப் பையை உதறி மடித்து வைத்துக்கொண்டிருந்த நைனாவிடம், எந்தக் கம்பெனி என்று முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் என் தோளில் கை போட்டு, கபடமே இல்லாத முகத்தோடு சொன்னார்: "மூணுமே நல்லாத்தான் கீது நைனா. ஆனா பத்திரிகை எல்லாம் வெச்சாச்சே, இனிமே காரு இன்னாத்துக்கு?"

ரெண்டாவது கியரில் ஓர் உதறல்

இது நடந்தபோது கோமதிக்கு ஐந்தாம் மாதம். "இன்னா, காரு பாத்தியா?" என்று தினமும் சாப்பாடு போடும்போது கேட்பாள். நான் சாப்பாட்டைப் பற்றிப் பாராட்டிப் பேசுவேன்.

பிரபாகர் என் பழைய தொழிற்சாலையில் தரம் சரிபார்க்கும் பிரிவில் இருப்பவர். மீஞ்சூரில் ஒரு மளிகைக் கடைக்காரரிடம் இருந்த ஆ கம்பெனி வண்டி அவருக்குப் பிடித்திருந்தது. நான் ஓட்டிப் பார்த்து, தாராளமாக வாங்கலாம் என்றேன். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்: இணையத்தில் யாரோ ஒருத்தர், அந்தக் கம்பெனி வண்டிக்கு ரெண்டாவது கியரில் லேசாக ஓர் உதறல் வரும் என்று எழுதியிருக்கிறார். கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்றார் அவர். மறுநாள் மறுபடி போன். "காலையில, இன்ஜின் சூடாவறதுக்கு முன்னாடி?" அதற்கடுத்த நாள், "ஏ.சி. போட்டுக்கினு போகும்போது?" கடைக்காரர் பாவம், ரெண்டாவது கியரைப் போடும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனிக்க ஆரம்பித்தார். அப்படிக் கவனித்தால் எந்த வண்டியும் உதறும். பயந்துபோய் வண்டியைப் பொன்னேரியில் இருந்த தன் மச்சானுக்குத் தள்ளிவிட்டார்.

பிரபாகர் விடுவாரா? மச்சானின் நம்பரை வாங்கிவிட்டார். அவரும் கேட்டுக் கேட்டு, உதறி உதறி, அத்திப்பட்டில் வேறொரு கான்ட்ராக்டருக்கு விற்றார். கான்ட்ராக்டர் நம்பரும் கிடைத்துவிட்டது. ஒவ்வொருவரும் என்னைக் கூப்பிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்றுமே இல்லை என்று ஓட்டிக் காட்டினேன். உண்மையைச் சொன்னால் கடைசித் தடவை எனக்கே லேசாக உதறியது. கான்ட்ராக்டரும் விற்றுவிட்டார் என்று தெரிந்த அன்று பிரபாகர் என்னைக் கூப்பிட்டு, தப்பித்தவனின் நிம்மதியோடு சொன்னார்: "பாத்தியா தாமு? ஒருத்தர்கூட அந்த வண்டிய வெச்சுக்க மாட்டேங்கறாங்க. நான் அப்பவே சொன்னேன், அந்தக் கம்பெனியில ஏதோ கோளாறு கீதுன்னு."

எலுமிச்சம்பழம் நசுக்கிய அனுபவம்

இதற்குள் நானே குழம்பிவிட்டேன். எனக்காக ஒரு வண்டி பார்க்க வேண்டும், எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை. என் மாமியார்தான் வழி சொன்னார். திருவள்ளூரில் பெருமாள் கோயில் பக்கம் ஒரு பட்டாச்சாரியார் இருக்கிறார். கார் பூஜை என்றால் அவர்தான். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அவர் ஏற்றிவிட்ட வண்டிகளுக்கு அளவே கிடையாது. அவருக்குத் தெரியாத கம்பெனியா என்றார். இத்தனை நாள் இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

போன நேரம் அவர் ஒரு வண்டிக்குக் கற்பூரம் காட்டி முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "மூணு கம்பெனியும் மோசம்தான்" என்றார் யோசிக்காமல். எப்படி சாமி என்றேன். "வாங்கின அன்னிக்கு எல்லாரும் வரா. அப்புறம் வண்டி மோதித்துன்னா வரா, நடுவழியில நின்னுடுத்துன்னா திருஷ்டி கழிக்கணும்னு வரா. வண்டி நன்னா ஓடிண்டிருக்குன்னு சொல்லிண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து நான் பார்த்ததில்லை." எனக்குச் சுருக்கென்றது. என்னிடமும் யாரும் அப்படி வந்ததில்லை. நல்லபடியாக ஓடுகிற வண்டிக்காரர்கள் எல்லாம் எங்கேதான் போகிறார்களோ!

"நீங்க என்ன வண்டி சாமி வெச்சிருக்கீங்க?" என்று கடைசி நம்பிக்கையாகக் கேட்டேன். அவர் நசுங்கிய எலுமிச்சம்பழத்தைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "மூணு கம்பெனியையும் தினம் கிட்டத்துலேர்ந்து பாக்கறேனோல்லியோ, அதனால ட்ரெயின்லதான் போறது."

எங்கள் வீட்டு வண்டி

நான் பார்த்த வண்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்றில் பெயின்ட் சரியில்லை. ஒன்றில் சைலன்சர் சத்தம் சந்தேகமாக இருந்தது. ஒன்றில் குறையே இல்லை. அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது, எதையோ மறைக்கிறார்கள் என்று வந்துவிட்டேன். காதர் பாய் என் நம்பரைப் பார்த்தால் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். ஊரானுக்கு வாங்கிக் கொடுக்கும்போது தப்பு நடந்தால் நாலு வார்த்தை திட்டு வாங்குவேன், அவ்வளவுதான். இதில் ஏறப்போகிறவள் கோமதி. வயிற்றில் பிள்ளை வேறு. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல், "இன்னும் ஒண்ணு பாத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே வளைகாப்பு வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

வளைகாப்புக்கு முந்தின வாரம் கோமதி ரயிலை விட்டு இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "வள்ளியக்கா காரைப் பேசி முடிச்சிட்டேன். ஞாயித்துக்கெழமை போய் எடுத்துக்கினு வந்துடலாம்." வள்ளியக்கா நந்தியம்பாக்கத்துக்காரி, சாயங்காலம் மீஞ்சூரில் தங்கை வீட்டுக்குப் போகிற நாளில் கோமதியோடு லேடீஸ் பெட்டியில் வருபவள். அவள் வீட்டில் இருப்பது ஆ கம்பெனி வண்டி. அதை அவள் திட்டாத நாளே கிடையாது என்று கோமதியே எத்தனையோ தடவை என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். "அந்த வண்டியா?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை டார்ச் லைட்டோடு போனேன். வள்ளியக்கா கோமதிக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நறுக்கின கொய்யாப்பழம் கொடுத்து உட்கார வைத்துவிட்டாள். நான் வண்டிக்குள்ளே இருந்து ஒவ்வொரு குறையாகக் கத்தினேன். கோமதி கொய்யாவைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னாள். "ஏ.சி. ரொம்ப லேட்டா..." "மூஞ்சி கழுவிக்கினு வர்ற நேரம் ஆவும்." "பின்னாடி கண்ணாடி எறங்கிச்சு, ஏற மாட்டேங்குது!" "கையால தூக்கி வுடணும்." "டிக்கி..." "முட்டியால ஒரு இடி இடி, தெறக்கும்." கடைசியில் அவளே கேட்டாள். "ஸ்டேரிங்க இடது பக்கம் ஒடிச்சா தானா ஹாரன் அடிக்குமே, பாத்தியா?" பார்க்கவில்லை. ஒடித்தேன். அடித்தது. வள்ளியக்கா வெட்கப்படாமல் சிரித்தாள். இன்ஜின், பிரேக், கியர் மூன்றையும் குடைந்து குடைந்து பார்த்தேன். அவற்றில் குறை சொல்ல எனக்கு வழியே இல்லை.

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. பின் சீட்டில் மாமனார், மாமியார். முன்னால் இரண்டு கை நிறைய வளையலோடு கோமதி. பெரியபாளையம் வழியாகக் கிளம்பினோம். இடது பக்கம் திரும்பும் இடத்திலெல்லாம் வண்டி தானாக ஹாரன் அடித்தது. மாடுகள் விலகின, மனிதர்கள் முறைத்தார்கள். வேறு எந்தத் தொந்தரவும் இல்லை. வேப்பம்பட்டுக்குப் பக்கத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். நிறுத்தியதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன இருந்தாலும் ஆ கம்பெனி ஆ கம்பெனிதான். யாரைக் கேட்டாலும் வேணாம்னுதான் சொல்றாங்க. ஒருத்தராவது நல்லதா ஒரு வார்த்தை சொன்னாங்களா?" என்றேன்.

கோமதி என் பக்கம் திரும்பினாள். வளையல்கள் கலகலத்தன. பின் சீட்டில் மாமனார் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சொன்னது இதுதான்: "கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா உன்னப் பத்திக் கும்மிடிப்பூண்டி பூரா விசாரிச்சாரு. ஒருத்தர்கூட நல்லதா ஒரு வார்த்தை சொல்லல, எல்லாக் கோளாறையும் புட்டுப் புட்டு வெச்சாங்க. தெரிஞ்சுதான் கட்டிக்கினேன். இன்னிக்கு வரைக்கும் புதுசா ஒண்ணும் வரல."

எந்தக் கம்பெனி வண்டியை நம்பி வாங்கலாம் என்று இனி யாராவது கேட்டால், என் மாமனாரின் போன் நம்பரைக் கொடுத்துவிடுவது என்று இருக்கிறேன்.